பி.எஸ்சி நர்சிங் சீட் கிடைக்கவில்லையா? அடுத்து செய்ய வேண்டியவை, படிப்படியாக

ரேங்க் லிஸ்ட் வந்த அன்று என் பெயருக்கும் கடைசியாக சீட் கிடைத்த பெண்ணின் பெயருக்கும் நடுவில் பல நூறு பேர் இருந்தார்கள். அப்பா ஒன்றும் பேசவில்லை. பீரோவைத் திறந்து என் சர்டிபிகேட்களை மறுபடி பழைய இடத்திலேயே வைத்தார். நர்ஸ் ஆகும் ஆசை அந்த பீரோவுக்குள் போய்விட்டது என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

அப்புறம் டிப்ளமோவில் சேர்ந்தேன், வார்டில் வேலை பார்த்தேன், டிப்ளமோ முடித்த நர்ஸ்களுக்கான பட்டப் படிப்பான போஸ்ட் பேசிக் முடித்தேன். கொஞ்சம் சுற்றுப் பாதைதான், ஆனால் நினைத்த ஊருக்குத்தான் வந்து சேர்ந்தேன். கவுன்சலிங் முடிந்த கையோடு ஒவ்வொரு வருடமும் சொந்தக்காரர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள், கூட வேலை செய்பவர்களின் பிள்ளைகள் என்று யாராவது என்னிடம் வந்து உட்காருகிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வதையெல்லாம் இங்கே எழுதிவைக்கிறேன். தமிழ்நாட்டில் பிளஸ் டூ முடித்து, பி.எஸ்சி நர்சிங்குக்கு விண்ணப்பித்து, கிடைக்காமல் போனவர்களை மனதில் வைத்து எழுதியது இது.

எந்த வழியில் போனாலும் ஒரு கேள்வியை விடாமல் கேளுங்கள்: இந்தப் படிப்பை முடித்தால் மாநில நர்சிங் கவுன்சிலில் என் பெயர் பதிவாகுமா? தமிழ்நாட்டில் அது தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமம். பி.எஸ்சி படித்தாலும் டிப்ளமோ படித்தாலும், ஆர்.என்.ஆர்.எம் (பதிவு பெற்ற செவிலியர், பதிவு பெற்ற தாதியர்) என்று நாங்கள் சொல்லும் அந்தப் பதிவு இருந்தால்தான் சட்டப்படி நர்ஸ். பதிவு தராத படிப்பை யார் எவ்வளவு இனிப்பாகச் சொன்னாலும் அது நர்சிங் இல்லை. கீழே வரும் ஒவ்வொரு வழியையும் இந்தக் கேள்வியை வைத்துத்தான் சோதிக்கப் போகிறோம்.

முதல் படி: ஏன் கிடைக்கவில்லை என்று கண்டுபிடியுங்கள்

"கிடைக்கல" என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வேறு வேறு காரணங்கள் ஒளிந்திருக்கும். காரணத்தைப் பொறுத்துத்தான் அடுத்த வழி.

ஒன்று, மதிப்பெண் போதவில்லை. தமிழ்நாட்டில் அரசு ஒதுக்கீட்டு பி.எஸ்சி நர்சிங் இடங்களைச் சென்னை கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் மருத்துவக் கல்வித் தேர்வுக் குழு, துணை மருத்துவப் பட்டப் படிப்புகளோடு சேர்த்து நிரப்புகிறது. நீட் தேவையில்லை, பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மதிப்பெண்தான் கணக்கு. (தாவரவியல், விலங்கியல் என்று தனித்தனியாகப் படித்தவர்களுக்கு அவை இரண்டும் சேர்த்து.) அரசுக் கல்லூரி இடங்கள் குறைவு, கேட்பவர்கள் அதிகம். அதனால் நல்ல மதிப்பெண் எடுத்த பிள்ளைகள்கூட வெளியே நிற்கிறார்கள். இந்தக் காரணம் என்றால் உங்களுக்குத் தகுதி இருக்கிறது, இடம்தான் இல்லை. அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு, விண்ணப்பமே நிராகரிக்கப்பட்டது. சாதிச் சான்றிதழைப் பதிவேற்றவில்லை, வெளிமாநிலத்தில் படித்துவிட்டுப் பிறப்பிடச் சான்றிதழ் வைக்கவில்லை, போட்டோ தெளிவாக இல்லை, கட்டணம் போய்ச் சேரவில்லை. இதில் மனசொடிந்து உட்காரத் தேவையில்லை. அடுத்த விண்ணப்பத்துக்குள் சரிசெய்துகொள்ளலாம். இ-சேவை மையத்தில் சான்றிதழ் கிடைக்க நாளாகும், அதனால் ரிசல்ட் வரும்வரை காத்திருக்காமல் ஏப்ரல் மாதமே எழுதிக்கொடுங்கள்.

மூன்று, தகுதியே வரவில்லை. இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி பி.எஸ்சிக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் சேர்ந்து 45 சதவீதம், எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு 40 சதவீதம் வேண்டும். ஆங்கிலத்தில் தேர்ச்சி வேண்டும். சேரும் வருடம் டிசம்பர் 31க்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும். காமர்ஸ் படித்தவர்கள், கணிப்பொறி அறிவியலோடு கணிதம் படித்தவர்கள் உயிரியல் இல்லாமல் இங்கே சிக்கிக்கொள்வார்கள். அவர்களுக்கும் வழி இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

இரண்டாம் படி: கவுன்சலிங் உண்மையிலேயே முடிந்துவிட்டதா?

முதல் சுற்றில் பெயர் வரவில்லை என்றதும் பலர் தேர்வுக் குழுவின் இணையதளத்தைப் பார்ப்பதையே நிறுத்திவிடுகிறார்கள். இது பெரிய தவறு. முதல் சுற்றில் இடம் கிடைத்த பிள்ளைகளில் பலர் எம்.பி.பி.எஸ்., சித்தா, பொறியியல், வேளாண்மை என்று வேறு பக்கம் போய்விடுவார்கள். அந்த இடங்கள் அடுத்த சுற்றுகளில் திரும்ப வரும். தினமும் காலையில் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை பாருங்கள். அறிவிப்பு வந்து இரண்டு மூன்று நாளுக்குள் கல்லூரிகளின் பட்டியலைப் பதிவுசெய்ய வேண்டியிருக்கும்.

பட்டியல் போடும்போது வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் நாலு கல்லூரிகளை மட்டும் போட்டுவிட்டு வராதீர்கள். "பொம்பளப் புள்ளைய அவ்வளவு தூரம் அனுப்ப மாட்டோம்" என்று வீட்டில் சொல்வார்கள். நர்சிங் கல்லூரிகளில் பெரும்பாலும் விடுதி உண்டு, படிப்பே அப்படிப்பட்டதுதான். சீட் கிடைத்த பிறகு வேண்டாம் என்று முடிவெடுக்கலாம், பட்டியலிலேயே போடாத கல்லூரி கிடைக்க வழியே இல்லை. ஆனால் இடத்தை ஏற்றுக்கொண்டு பிறகு விட்டால் என்ன விதி, எவ்வளவு கட்ட வேண்டும் என்பதை விளக்கக் குறிப்பேட்டில் படித்துவிட்டு முடிவுசெய்யுங்கள்.

அடுத்தது மேனேஜ்மென்ட் கோட்டா. டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த தனியார் கல்லூரிகளில் நிர்வாக இடங்கள் இருக்கும். படிப்பு ஒன்று, பட்டம் ஒன்று, பதிவும் ஒன்று, பணம் மட்டும் கூடுதல். கட்டணத்தைக் கேட்கும்போது "வருஷத்துக்கு எவ்வளவு?" என்று மட்டும் கேட்காதீர்கள். விடுதி, மெஸ், சீருடை, கல்லூரிப் பேருந்து, தேர்வுக் கட்டணம், வெளி மருத்துவமனைப் பயிற்சிக்குப் போய்வரும் செலவு எல்லாம் சேர்த்து நாலு வருடத்துக்கும் எழுத்தில் கேளுங்கள். எழுதித் தரத் தயங்கும் கல்லூரியில் இரண்டாம் வருடம் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

மூன்றாம் படி: டிப்ளமோ

இதைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும். ஏனென்றால் "டிப்ளமோவா?" என்று முகத்தைச் சுளிப்பவர்களில் பாதிப் பேருக்கு இந்தக் கணக்கே தெரியாது.

டி.ஜி.என்.எம்., அதாவது பொது நர்சிங், பேறுகால நர்சிங் டிப்ளமோ, மூன்று வருடம். முடித்ததும் பதிவு. அதற்கு மேல் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி நர்சிங் இரண்டு வருடம். மொத்தம் ஐந்து. நேரடி பி.எஸ்சி நாலு வருடம். வித்தியாசம் ஒரே ஒரு வருடம். சீட் கிடைக்கவில்லை என்று ஒரு வருடம் வீட்டில் இருந்து, மறுபடி விண்ணப்பித்து பி.எஸ்சி படித்தாலும் அதே ஐந்து வருடம்தான் ஆகும். ஆனால் டிப்ளமோக்காரி மூன்றாவது வருட முடிவிலேயே பதிவு பெற்ற நர்ஸ். குடும்பத்தில் அவசரம் என்றால் வேலைக்குப் போகலாம், சம்பளம் வாங்கிக்கொண்டே அடுத்ததை யோசிக்கலாம். மூன்றாம் வருடத்தில் நிற்கும் பி.எஸ்சி மாணவியால் அது முடியாது. என் வீட்டு நிலைமைக்கு இந்த ஒரு காரணமே போதுமானதாக இருந்தது.

வேலை விஷயத்திலும் மக்கள் நினைக்கும் அளவு பாகுபாடு கிடையாது. தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், அதாவது எம்.ஆர்.பி., நடத்தும் நர்ஸ் தேர்வுக்கு டிப்ளமோ முடித்தவர்களும் பி.எஸ்சி முடித்தவர்களும் ஒன்றாகத்தான் விண்ணப்பிக்கிறார்கள். எய்ம்ஸ் மருத்துவமனைகளின் நர்சிங் ஆபீசர் தேர்வில் மட்டும் ஒரு வேறுபாடு: டிப்ளமோ படித்தவர்களுக்குக் குறைந்தது 50 படுக்கை உள்ள மருத்துவமனையில் இரண்டு வருட அனுபவம் கேட்பார்கள். ஆசிரியர் வேலை, எம்.எஸ்சி என்று போக நினைத்தால் பட்டம் கட்டாயம் வேண்டும். அதற்குத்தான் போஸ்ட் பேசிக்.

சேர்வது எப்படி? தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளோடு இணைந்த நர்சிங் பள்ளிகளில் பெண்களுக்கான டிப்ளமோ சேர்க்கைக்குத் தனி அறிவிப்பு, தனி விண்ணப்பம் வரும். பி.எஸ்சிக்கு விண்ணப்பித்துவிட்டோம், அதுவே இதற்கும் போதும் என்று நினைத்துக் கோட்டைவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அதே தேர்வுக் குழுதான், ஆனால் விண்ணப்பம் வேறு. அரசுப் பள்ளியில் இடம் கிடைத்தால் செலவு மிகவும் குறைவு, பார்க்கும் நோயாளிகளோ ஏராளம். காலை ஏழரை மணிக்கு அரசு மருத்துவமனையின் பிரசவ வார்டில் கால்வைக்கும் முதல் வருட மாணவி ஒரே மாதத்தில் கற்றுக்கொள்வதை, காலிப் படுக்கைகள் இருக்கும் மருத்துவமனையில் ஒரு வருடம் நின்றாலும் கற்றுக்கொள்ள முடியாது.

ஆண் பிள்ளைகளுக்கு அரசு டிப்ளமோ வழி குறுகலானது. தனியார் டிப்ளமோ பள்ளிகளும், பி.எஸ்சியில் ஆண்களுக்கு என்று இருக்கும் இடங்களும்தான் அவர்களுக்கு முதன்மையான வழி. "ஆம்பள நர்ஸா?" என்ற கேள்வியை இன்னும் சில வீடுகளில் கேட்கிறார்கள். ஐ.சி.யூ., டயாலிசிஸ், எலும்பு முறிவு வார்டு, மனநலப் பிரிவு எங்கே போனாலும் ஆண் நர்ஸ்களுக்கு எவ்வளவு தேவை இருக்கிறது என்பது கூட வேலை செய்பவர்களுக்குத் தெரியும். தயங்காமல் வாருங்கள் தம்பிகளே.

பாடத்திட்டம் எளிது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உடற்கூறியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல், மருத்துவ அறுவை நர்சிங், குழந்தைகள் நலம், மனநலம், பேறுகால நர்சிங், சமுதாய நலம் எல்லாம் உண்டு. ஆங்கிலத்தில்தான் படிக்க வேண்டும். தமிழ் வழியில் படித்து வந்த நான் முதல் மூன்று மாதம் ஒவ்வொரு பக்கத்திலும் பென்சிலால் தமிழில் எழுதி வைத்துத்தான் படித்தேன். நாலாவது மாதம் பென்சில் தேவைப்படவில்லை.

நான்காம் படி: தமிழ்நாட்டு கவுன்சலிங்குக்கு வெளியே இருக்கும் பட்டப் படிப்புகள்

இவை எல்லாமே அடுத்த வருடத்துக்கான திட்டம். இந்த வருடமே வேண்டும் என்பவர்கள் ஐந்தாம் படிக்குப் போய்விடலாம்.

வேலூர் சி.எம்.சி. நர்சிங் கல்லூரி 1946இலேயே பி.எஸ்சி நர்சிங் தொடங்கிய இடம். இந்தியாவின் முதல் நர்சிங் பட்டப் படிப்புகளில் ஒன்று அது. விண்ணப்பமும் தேர்வு முறையும் தனி. தேர்வுக் குழுவின் அறிவிப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தால் இதைத் தவறவிட்டுவிடுவீர்கள். அங்கே டிப்ளமோவும் உண்டு.

எய்ம்ஸ் நிறுவனங்களில் பி.எஸ்சி ஆனர்ஸ் நர்சிங் பெண்களுக்கானது, தனி நுழைவுத் தேர்வு. இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் சேர்த்து 55 சதவீதம், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 50 சதவீதம் வேண்டும். புதுச்சேரி ஜிப்மர் நீட் மதிப்பெண்ணைப் பார்க்கிறது. ஆக, "நர்சிங்குக்கு நீட் வேண்டாம்" என்பது எல்லா இடத்துக்கும் பொருந்தாது. மத்திய நிறுவனங்களை நினைப்பவர்கள் நீட் எழுதிவைப்பது நல்லது. எம்.பி.பி.எஸ். கிடைக்கும் அளவு மதிப்பெண் வரவில்லையே என்று அந்த ஸ்கோர் கார்டைத் தூக்கிப்போடாதீர்கள், அது இங்கே உதவும்.

ராணுவ நர்சிங் சேவையைப் பற்றி நம் ஊர்ப் பெண்களில் நிறையப் பேருக்குத் தெரியவில்லை, அது எனக்கு வருத்தம். பெண்களுக்கு மட்டுமான நாலு வருட பி.எஸ்சி. புனே, கொல்கத்தா, மும்பை, டெல்லி, லக்னோ, பெங்களூரு ஆகிய ஆறு ஊர்களின் படைத்துறை மருத்துவமனைகளில் நடக்கிறது. நீட் மதிப்பெண் அடிப்படையில் அழைப்பார்கள். பிறகு பொது அறிவுத்திறனும் ஆங்கிலமும் சேர்ந்த கணினித் தேர்வு, நேர்காணல், உடல் தகுதிச் சோதனை. படித்து முடித்தால் அதிகாரியாகவே பணி, குறிப்பிட்ட காலம் பணியாற்றுவதாக ஒப்பந்தம் எழுதித்தர வேண்டும். பிளஸ் டூவை முதல் முயற்சியிலேயே முடித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு, அதைக் கவனியுங்கள்.

2023 மத்திய பட்ஜெட்டில் 2014க்குப் பிறகு தொடங்கிய மருத்துவக் கல்லூரிகளோடு சேர்த்து 157 புதிய நர்சிங் கல்லூரிகள் அறிவித்தார்கள். போன வருடத்துப் பட்டியலை வைத்துக்கொண்டு உங்கள் மாவட்டத்தில் அரசு நர்சிங் கல்லூரி இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். இந்த வருடத்து விளக்கக் குறிப்பேட்டைத் திறந்து பாருங்கள்.

ஐந்தாம் படி: உயிரியல் படிக்காதவர்களுக்கு

இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி டிப்ளமோவுக்கு எந்தப் பிரிவில் பிளஸ் டூ படித்திருந்தாலும் 40 சதவீதமும் ஆங்கிலமும் இருந்தால் போதும், அறிவியல் இருந்தால் நல்லது என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அரசுச் சேர்க்கையிலும் சில பள்ளிகளிலும் இதைவிடக் கூடுதலாகக் கேட்கலாம். எனவே நேரில் போய்க் கேளுங்கள். காமர்ஸ் படித்து டிப்ளமோ சேர்ந்த பெண் ஒருத்தி என் வகுப்பில் இருந்தாள். முதல் வருடம் நுண்ணுயிரியல் அவளைப் பாடாய்ப்படுத்தியது. பதிவேடு எழுதுவதிலும் மருந்துக் கணக்கு போடுவதிலும் எங்களுக்கெல்லாம் அவள்தான் டீச்சர்.

பி.எஸ்சியே வேண்டும் என்றால் தேசிய திறந்தநிலைப் பள்ளி மூலம் அறிவியல் பாடங்களை எழுதும் வழி இருக்கிறது. அந்தச் சான்றிதழை இந்திய நர்சிங் கவுன்சில் விதி ஏற்கிறது. ஆனால் மாநிலப் பாடத்திட்டம் அல்லாத வாரியங்களில் படித்தவர்கள் டாக்டர் எம்.ஜி.ஆர். பல்கலைக்கழகத்திடம் தகுதிச் சான்றிதழ் வாங்க வேண்டியிருக்கும். அங்கே முதலில் கேட்டுத் தெளிவுபெற்ற பிறகு பணம் கட்டுங்கள்.

ஏ.என்.எம்., அதாவது துணைச் செவிலியர் மற்றும் தாதியர் படிப்பு, இன்னொரு வாசல். இரண்டு வருடம், பெண்களுக்கு மட்டும், எந்தப் பிரிவில் பிளஸ் டூ முடித்திருந்தாலும் சேரலாம். நம் கிராமங்களில் வீடு வீடாக வந்து கர்ப்பிணிகளைப் பார்த்து, குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடும் கிராம சுகாதார செவிலியர் வேலை இந்தப் படிப்பில்தான் தொடங்குகிறது. பதிவு பெற்ற ஏ.என்.எம். பிறகு டிப்ளமோவுக்கு வரலாம். அங்கிருந்து பட்டம். தூரம் அதிகம்தான், ஆனால் ஒவ்வொரு கட்டத்திலும் கையில் ஒரு வேலை இருக்கும்.

ஆறாம் படி: விழக்கூடாத குழிகள்

இந்தப் பகுதியைப் பெற்றோரையும் உட்காரவைத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

ஆறு மாதத்தில் நர்சிங், ஒரு வருட நர்சிங் அசிஸ்டென்ட் டிப்ளமோ, "படிக்கும்போதே சம்பளம்" என்று பேருந்து நிலையச் சுவரெல்லாம் நோட்டீஸ் ஒட்டியிருப்பார்கள். மருத்துவமனையில் உதவியாளராக வேலை பார்க்க அது உதவலாம், அந்த வேலையைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சான்றிதழை வைத்துக்கொண்டு நர்சிங் கவுன்சிலில் பதிய முடியாது, போஸ்ட் பேசிக் சேர முடியாது, எம்.ஆர்.பி. எழுத முடியாது. என் தோழியின் தங்கை இப்படி ஒரு இடத்தில் இரண்டு வருடம் படித்தாள். வெள்ளைச் சீருடை, தொப்பி, விளக்கேற்றும் விழா எல்லாம் நடந்தது. முடித்துவிட்டுப் பதிவுக்குப் போனபோதுதான் அந்தப் படிப்பின் பெயரே பட்டியலில் இல்லை என்று தெரிந்தது. மறுபடி டிப்ளமோவில் முதல் வருடத்திலிருந்து தொடங்கினாள். அவளுடைய அம்மா அடகுவைத்த நகை திரும்பவில்லை. இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

"டிப்ளமோ முடித்தால் நேராக பி.எஸ்சி இரண்டாம் ஆண்டு" என்று சிலர் ஆசைகாட்டுவார்கள். பாலிடெக்னிக் முடித்தவர்கள் பொறியியலில் சேர்வது போல நர்சிங்கில் கிடையாது. டிப்ளமோவுக்குப் பிறகு போஸ்ட் பேசிக் மட்டும்தான். அதேபோல் ஆபரேஷன் தியேட்டர் டெக்னாலஜி, டயாலிசிஸ் டெக்னாலஜி, பிசிசியன் அசிஸ்டென்ட் எல்லாம் நல்ல படிப்புகள், அவற்றில் விருப்பம் இருந்தால் தாராளமாகச் சேருங்கள். ஆனால் "இப்ப இதுல சேரு, அப்புறம் நர்சிங்குக்கு மாத்திக்கலாம்" என்று யாராவது சொன்னால் அது பொய்.

ஏஜென்ட்கள். ரிசல்ட் வந்த வாரமே உங்கள் போன் நம்பர் எப்படியோ அவர்கள் கைக்குப் போய்விடும். பெங்களூரு, ஆந்திரா என்று சொல்வார்கள், "அட்மிஷன் கன்பார்ம், ஒரிஜினலை மட்டும் கொடுங்க" என்பார்கள். வெளிமாநிலத்தில் படிப்பது தவறில்லை, அங்கே நல்ல கல்லூரிகள் உண்டு. ஆனால் கல்லூரிக்கு நேரில் போகாமல், ரசீது இல்லாமல், ஒரிஜினல் சர்டிபிகேட்டை இடையில் நிற்கும் யாரிடமும் கொடுக்காதீர்கள். ஒருமுறை கைமாறிவிட்டால் வேறு இடத்தில் சீட் கிடைத்தாலும் போக முடியாது, "முழு வருஷப் பணத்தைக் கட்டிட்டு வாங்கிக்கோ" என்பார்கள். ஒரிஜினல் சான்றிதழ்களைப் பிடித்துவைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இலேயே அறிவிக்கை வெளியிட்டிருக்கிறது. இருந்தாலும் சண்டைபோட்டு வாங்குவதைவிடக் கொடுக்காமல் இருப்பது சுலபம்.

சரி, ஒரு கல்லூரி நல்லதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? முதலில் காகிதம். மாநில நர்சிங் கவுன்சிலின் அங்கீகாரப் பட்டியலில் அந்தக் கல்லூரியின் பெயர், அந்தப் படிப்பு, இந்தக் கல்வியாண்டு மூன்றும் இருக்கிறதா? பட்டப் படிப்பு என்றால் பல்கலைக்கழக இணைப்பு இருக்கிறதா? தமிழ்நாட்டில் டாக்டர் எம்.ஜி.ஆர். பல்கலைக்கழகம், கர்நாடகத்தில் ராஜீவ் காந்தி சுகாதார அறிவியல் பல்கலைக்கழகம். நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்றால் அது தானே பட்டம் தரும். இந்திய நர்சிங் கவுன்சில் பட்டியலையும் பாருங்கள். அந்தக் கவுன்சிலின் இடத்தில் தேசிய ஆணையம் அமைக்க 2023இல் புதுச் சட்டம் வந்திருக்கிறது, அதனால் பெயர் மாறியிருந்தால் குழம்பாதீர்கள். கல்லூரி கொடுக்கும் கலர் புத்தகத்தில் இருக்கும் அங்கீகார நகலை நம்பாமல், கவுன்சில்களின் இணையதளத்தில் நீங்களே பாருங்கள்.

அடுத்தது கால். ஒரு வேலைநாளில் காலை பத்து மணிக்கு அந்தக் கல்லூரியின் மருத்துவமனைக்குப் போங்கள். பி.எஸ்சி கல்லூரிக்கு 100 படுக்கையுள்ள சொந்த மருத்துவமனை வேண்டும் என்பது விதி. படுக்கை இருக்கும், அதில் நோயாளி இருக்கிறாரா என்று பாருங்கள். பிரசவம் நடக்கிறதா? குழந்தைகள் வார்டு இருக்கிறதா? பிறகு விடுதி வாசலில் கடைசி வருட மாணவிகள் இரண்டு பேரைப் பிடித்து, "அக்கா, கேஸ் நிறையப் பாக்கறீங்களா? பிரசவம் எங்க போய்ப் பாக்கறீங்க?" என்று கேளுங்கள். முதல்வர் அறையில் கிடைக்காத பதில் அங்கே கிடைக்கும்.

ஏழாம் படி: பணம்

கவுன்சலிங் மூலம் சேர்வதற்கும் நிர்வாக இடத்தில் சேர்வதற்கும் கட்டணத்தில் மட்டுமில்லை, சலுகையிலும் வித்தியாசம் உண்டு. முதல் தலைமுறைப் பட்டதாரி சலுகை, கல்வி உதவித்தொகைகளில் பல, நிர்வாக இடத்தில் சேர்ந்தால் கைவிட்டுப் போகும். சேர்வதற்கு முன்பே கல்லூரி அலுவலகத்தில் கேளுங்கள்.

அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும், பட்டப் படிப்புக்கு மட்டுமில்லாமல் டிப்ளமோவுக்கும் உண்டு. பையன்களுக்கு 2024இல் தமிழ்ப் புதல்வன் திட்டம் வந்தது. விடுதியில் இருக்கும் பிள்ளைக்கு இந்த ஆயிரம் ரூபாய் பெரிய துணை.

கல்விக் கடனுக்கு வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். மத்திய அரசின் உத்தரவாதத் திட்டத்தின் கீழ் 7.5 லட்சம் ரூபாய் வரை சொத்துப் பிணை இல்லாமல் வங்கிகள் தரலாம். மேனேஜர் பிணை கேட்டால் இந்தத் திட்டத்தைச் சொல்லிப் பணிவாகக் கேளுங்கள். அங்கீகாரம் இருக்கிறதா என்று வங்கியும் பார்க்கும். கடன் தர மறுத்து அதற்கு அங்கீகாரத்தைக் காரணமாகச் சொன்னால், அந்தக் கல்லூரியில் சேரும் முடிவை நீங்களும் மறுபடி யோசியுங்கள்.

எட்டாம் படி: ஒரு வருடம் காத்திருக்கலாமா?

எல்லாருக்கும் ஒரே பதில் கிடையாது. நீட்டோ எய்ம்ஸ் தேர்வோ எழுதப் போகிறீர்கள், தினமும் படிக்க இடமும் நேரமும் இருக்கிறது என்றால் காத்திருக்கலாம். விண்ணப்பப் பிழையால்தான் போனது, மதிப்பெண் நன்றாக இருக்கிறது என்றாலும் காத்திருக்கலாம். ஆனால் பிளஸ் டூ மதிப்பெண் அதேதான் இருக்கப் போகிறது, போன வருடத்துக் கடைசி ரேங்க் உங்களுக்கு வெகுதூரம் மேலே இருக்கிறது என்றால், மாநில கவுன்சலிங்கை மட்டும் நம்பி ஒரு வருடத்தைக் கொடுக்காதீர்கள். டிப்ளமோவில் சேர்ந்துவிடுங்கள். வீட்டில் சும்மா இருக்கும் பெண்ணுக்கு அந்த ஒரு வருடத்தில் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிடும் வீடுகள் இன்னும் நம் ஊரில் இருக்கின்றன என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஒன்பதாம் படி: டிப்ளமோவிலிருந்து பட்டத்துக்கு

இதற்கான வேலை டிப்ளமோ முடிந்த வாரமே தொடங்குகிறது. முதலில் நர்சிங் கவுன்சில் பதிவு. தள்ளிப்போடாதீர்கள். வெளிமாநிலத்தில் படித்தவர்கள் அந்த மாநிலத்துக் கவுன்சிலில் முதலில் பதிந்து, பிறகு தமிழ்நாட்டுக்கு மாற்ற வேண்டும். இதற்கு மாதக்கணக்கில் ஆகலாம்.

அரசு ஒதுக்கீட்டு போஸ்ட் பேசிக் இடங்களுக்கும் தேர்வுக் குழுதான் விண்ணப்பம் வாங்குகிறது. இடங்கள் அதிகம் இல்லை, டிப்ளமோ மதிப்பெண்ணுக்கு அங்கே மதிப்பு உண்டு. "டிப்ளமோதானே, பாஸானால் போதும்" என்று முதல் வருடத்தை விட்டுவிடாதீர்கள். வேலையை விட முடியாதவர்களுக்கு இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம் நடத்தும் போஸ்ட் பேசிக் இருக்கிறது. பணியில் இருக்கும் நர்ஸ்களுக்கானது, அனுபவமும் நுழைவுத் தேர்வும் உண்டு, குறைந்தது மூன்று வருடம் ஆகும். நைட் டியூட்டி முடித்துவிட்டு வந்து அசைன்மென்ட் எழுதி அதை முடித்த அக்காக்கள் எங்கள் வார்டில் இருந்தார்கள்.

நான் நேரடி வகுப்பில்தான் படித்தேன். ஐந்து வருடம் வார்டில் நின்றுவிட்டு மறுபடி பெஞ்சில் உட்கார்ந்தபோது, பாடத்தில் வந்த ஒவ்வொரு நோய்க்கும் என் மனதில் ஒரு நோயாளியின் முகம் இருந்தது. பரீட்சையில் அந்த முகங்களை நினைத்துக்கொண்டுதான் பதில் எழுதினேன்.

கடைசியாக ஒன்று. வேலையை விட்டுப் படிக்கப் போகும்போது, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எந்த வார்டில், எத்தனை படுக்கையுள்ள மருத்துவமனையில் வேலை பார்த்தீர்கள் என்று எழுதிய அனுபவச் சான்றிதழைக் கையெழுத்து, முத்திரையோடு வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள். "அப்புறம் வந்து வாங்கிக்கலாம்" என்று வந்துவிட்டு, அதற்காக நாலு தடவை பஸ் ஏறியவள் நான். பதிவுச் சான்றிதழ், டிப்ளமோ மதிப்பெண் பட்டியல்கள், அனுபவச் சான்றிதழ் எல்லாவற்றிலும் மூன்று நகல் எடுத்து ஒரு பைலில் போட்டு வையுங்கள். அறிவிப்பு வந்ததும் அந்தப் பைலை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம்.